எண்ணிச் சென்றோம், எண்ணித் திரும்பினோம்



விடுமுறை நெருங்கிவிட்டால் நம் பங்குகளில் எழும் முதற்பேச்சு, "சாமி, இந்த ஆண்டு எங்கே போகிறோம்?" என்பதே. பேருந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்துவதும், அதில் இடம் போதாமல் மற்றொன்றை அமர்த்துவதும், புளிச்சோற்று அண்டாவை ஏற்றிக்கொண்டு விடியுமுன் புறப்படுவதும் நமக்குப் புதியவை அல்ல. நானும் குருவான நாள்முதல் அத்தகைய இன்பச் சுற்றுலாக்கள் பலவற்றை நடத்தியிருக்கிறேன். ஆனால் சென்ற ஆண்டு அக்டோபர் திங்களின் தொடக்கத்தில், காலாண்டு விடுமுறையின்போது, பன்னிரண்டே பேராக ஒரு வழிகாட்டியின் பின்னே சென்று மழைக்காட்டு அருவிகளைக் கண்டு திரும்பினோம்.

"ஏன் பன்னிரண்டே பேர்? பேருந்து வைத்திருந்தால் நாங்களும் வந்திருப்போமே?" என்று பலர் கேட்டனர். சிலர் மனத்தாங்கலும் கொண்டனர். அவர்களுக்கு அன்று நான் முழு விடை கூறவில்லை. இன்று கூறிவிடுகிறேன்.

கணக்குச் சரியாக இருந்த நாள்

2003-ஆம் ஆண்டு. நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரிலிருந்து, இளைஞரும் சிறுவருமாக 96 பேரை இரண்டு பேருந்துகளில் ஓர் அருவிக்கு அழைத்துச் சென்றேன். மாலையில் திரும்பும் வேளை மழை தூறத் தொடங்கியது. எல்லோரும் அவசரமாக வண்டியேறினர். நான் படிக்கட்டில் நின்று தலைகளை எண்ணினேன். ஒன்றில் 47, மற்றதில் 49. கணக்குச் சரியாக இருந்தது. ஆண்டவருக்கு நன்றி கூறிப் புறப்பட்டோம்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தேநீருக்காக வண்டிகளை நிறுத்தினோம். முன்பின் அறியாத சிறுவன் ஒருவன் என் வண்டியிலிருந்து இறங்கி, "எங்க ஊர் வந்துடுச்சு சாமி, போயிட்டு வரேன்" என்று கைகுவித்தான். அருவிக்கரைக் கடை ஒன்றில் வேலை செய்பவனாம். கூட்டத்தோடு கூட்டமாக ஏறி அமர்ந்திருக்கிறான். அவனையும் சேர்த்தல்லவா நான் 96 என்று எண்ணினேன்? அப்படியானால் நம்மவர் 95 பேர்தாமே? நெஞ்சு திடுக்கிட, பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக அழைத்தேன். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைக் காணவில்லை. முதல் வண்டியினர் அவன் இரண்டாவதில் இருப்பதாகவும், இரண்டாவது வண்டியினர் அவன் முதலாவதில் இருப்பதாகவும் எண்ணியிருந்தனர்.

ஒரு வண்டியைத் திருப்பிக்கொண்டு விரைந்தோம். இரவு ஒன்பது மணியளவில், சாத்தியிருந்த கடையொன்றின் தார்ப்பாய்க்கடியில் அவனைக் கண்டேன். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தான். கணுக்கால் வீங்கியிருந்தது. பாசிப் பாறையில் வழுக்கி இரு கற்களுக்கிடையே விழுந்தவனை, வேற்றூரார் இருவர் இருட்டும் நேரத்தில் தூக்கி வந்து அங்கே அமர்த்தியிருந்தனர். என்னைக் கண்டதும் அவன் அழவில்லை. ஒன்றே சொன்னான்: "நான் கூப்பிட்டேன் சாமி. அருவிச் சத்தத்திலே யாருக்கும் கேட்கலே."

கால் ஒரு மாதத்தில் குணமாயிற்று. ஊரில் எவரும் என்னைக் குறை கூறவில்லை. "கடவுள் காத்தார்" என்றார்கள். கடவுள் காத்தார் என்பது மெய்தான். நான் காக்கவில்லை என்பதும் மெய்தான்.

அந்தச் சிறுவன் இன்று மணமாகி, ஒன்பது வயது மகளுக்குத் தந்தையாகி, பிழைப்பின் பொருட்டு என் இப்போதைய பங்கில் குடியிருக்கிறார். அவர் விருப்பப்படி பெயரை விடுத்து எழுதுகிறேன். ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் அவருடைய மகள் என்னிடம் வந்து, "சாமி, எங்கப்பா மட்டும் என்னை அருவிக்குக் கூட்டிட்டே போக மாட்டேங்கிறாங்க" என்று முறையிட்டாள். தந்தை தலைகுனிந்து நின்றார். காரணம் எனக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அன்றே முடிவு செய்தேன்: போகவேண்டும்; ஆனால் இம்முறை வேறு விதமாகப் போகவேண்டும்.

பதின்மூன்றாமவர்

மேலைமலைத் தொடரில், தமிழகத்தின் வால்பாறையிலிருந்து கேரளத்தின் சாலக்குடிக்கு ஒரு காட்டுச்சாலை இறங்குகிறது. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு ஏறி, முந்தின இரவு அங்கே தங்கினோம். மறுநாள் விடியற்காலையில் சிறிய வேன் ஒன்றில் புறப்பட்டோம். அவரும் மனைவியும் மகளும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் துணைவியாரும், இரு பையன்களோடு ஒரு தம்பதியர், உபதேசியார், ஓட்டுநர், நான். ஆகப் பன்னிருவர்.

எல்லையிலுள்ள மளுக்கப்பாறையில் பதின்மூன்றாமவர் வந்து சேர்ந்தார். அவரே எங்கள் வழிகாட்டி. காடர் குலத்தவர், வயது அறுபதுக்குக் குறையாது. ஆனைமலைக் காடுகளின் தொல்குடிகளுள் காடர் ஒருவர். தேனும் குங்கிலியமும் திரட்டி வாழ்ந்துவரும் மக்கள். தமிழும் மலையாளமும் கலந்த ஒரு மொழியில் அவர் பேசினார்.

சோதனைச் சாவடியில் வண்டியின் எண்ணையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பதிவு செய்துகொண்டனர். நான் பழக்கம் விடாமல் தலைகளை எண்ணத் தொடங்கினேன். பெரியவர் கையமர்த்தினார். "அச்சா, தலையெண்ணினாப் போதாது. பேரு சொல்லி எண்ணணும்" என்றார். கேரள வழக்கப்படி குருக்களை அவர் 'அச்சன்' என்றே அழைத்தார். இருபது ஆண்டுகளாக என் உள்ளத்தைக் குடைந்துகொண்டிருந்ததை, ஒன்றும் அறியாத அம்மனிதர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். என்னால் பேச முடியவில்லை. எதிர் இருக்கையிலிருந்த தந்தையோ சாளரத்திற்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் ஒரு தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதச் சொன்னார். ஓட்டுநரின் பெயரும் அதில் இருக்கவேண்டும் என்றார். தாளை அந்தச் சிறுமியிடம் கொடுத்து, நின்று புறப்படும் ஒவ்வோர் இடத்திலும் படிக்கவேண்டியது அவள் பொறுப்பென்றார். பின்பு இரண்டு சைகைகளைக் கற்பித்தார். விரித்த உள்ளங்கை என்றால் நின்ற இடத்தில் நிற்க. தலைக்குமேல் இரு கை என்றால் உடனே என்னிடம் வருக. "அருவிகிட்டே வாய் பேசாது, கைதான் பேசும்" என்றார். வரிசையில் தாம் முன்னே செல்ல, உபதேசியாரைக் கடைசி ஆளாக நிறுத்தினார். கடைசி ஆளைத் தாண்டி எவரும் பின்தங்கக் கூடாது. தம்மைத் தாண்டி எவரும் முந்தக் கூடாது. சட்டம் அவ்வளவே.

96 பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா? முடியாது. பன்னிரண்டு பேர் ஏன் என்பதற்கு இதுவே விடை. ஒருவர் தம் கண்ணால் காணவும், பெயரால் அறியவும் கூடிய அளவே ஒரு குழுவின் அளவு. அதற்கு மேற்பட்டது கூட்டம்.

காடு காட்டிய பாடங்கள்

மளுக்கப்பாறையிலிருந்து வாழச்சால் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் முழுவதும் காடே. இரவில் சுற்றுலா வண்டிகளை அங்கே விடுவதில்லை. நினைத்த இடத்தில் இறங்குவதற்கும் அனுமதியில்லை. யானைகள் உலவும் சாலை அது. 2022 நவம்பரில், ஒற்றைக் கொம்பன் ஒன்று எதிர்ப்பட்டதால் தனியார் பேருந்து ஒன்று எட்டுக் கிலோமீட்டர் தொலைவு பின்னோக்கியே ஓட்டப்பட்டது. ஆகையால் எங்கள் ஓட்டுநர் ஒலிப்பானைத் தொடவேயில்லை.

நடக்க அனுமதியுள்ள ஓரிடத்தில் இறங்கினோம். காலை பத்து மணிக்கும் அந்திபோன்ற ஒளி. நூறடிக்கு மேல் உயர்ந்த மரங்கள், அவற்றின் கீழே நடுத்தர மரங்கள், அவற்றின் கீழே செடிகொடிகள் என்று அடுக்கடுக்காக இலைகள் வெயிலைத் தடுத்திருந்தன. பெரியவர் குனிந்து, மட்கிய இலைகளை ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். நீர் சொட்டியது. மழை பெய்து மூன்று நாளாகிறது என்றார். பெய்யும் மழையை இவ்வாறு காடு உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஊற்றாகவும் ஓடையாகவும் சிறிது சிறிதாக விடுவதனாலேயே, மழை ஓய்ந்த திங்களிலும் மலையாறுகள் வற்றாமல் ஓடுகின்றன. ஆசிரியர் பலமுறை வகுப்பில் நடத்திய பாடம் அது. "ஒரு பிடி இலையைப் பிழிந்து காட்ட எனக்குத் தோன்றவில்லையே" என்று அவரே வருந்தினார்.

பின்னர் ஒரு மரத்தின் பட்டையில் உறைந்திருந்த கரும்பிசினைத் தொட்டுக் காட்டினார். அது கருங்குங்கிலியம். முகர்ந்த உபதேசியார், "கோயில் தூப வாசனை அல்லவா இது!" என்று வியந்தார். ஞானிகள் மூவர் கொணர்ந்த தூபப்பொருளைத் தரும் மரமும் இம்மரமும் தாவரவியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவர் வியந்தது தவறன்று.

அப்பால் ஒரு நெடுமரத்தின் உச்சிப்பொந்தைச் சுட்டினார். அது இருவாச்சிப் பறவையின் கூடு. கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த காலத்தில் பெட்டை அப்பொந்தினுள் புகுந்து, சிறு பிளவொன்று விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளர்க்கும் மூன்று நான்கு திங்களும் அது வெளியே வராது. ஆண்பறவையே நாள்தோறும் பழம் கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டவேண்டும். ஆண்பறவை மடிந்தால் கூட்டிலுள்ளவற்றின் உயிரும் பெரும்பாலும் அதனுடன் போம். முற்காலத்தில் கூட்டிலிருந்து குஞ்சை எடுத்து உண்டவர் காடரிலும் உண்டு. இன்றோ அம்மக்களே வாழச்சால் காட்டில் கூடுகளுக்குக் காவல் நிற்கிறார்கள். அங்குள்ள ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கு 2014-இல் சமூக வன உரிமை வழங்கப்பட்டது.

அந்தத் தந்தை நெடுநேரம் அப்பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி ஆளான உபதேசியாரும் அவர் நகரும்வரை நின்றார். பெரியவர் எங்களை நிறுத்திவைத்துக் காத்திருந்தார். எவரும் "வாங்க, நேரமாகுது" என்று சொல்லவில்லை. சிறு குழுவில் ஒருவருக்காக எல்லோரும் நிற்க முடிகிறது. பெருங்கூட்டத்தில் நின்றவர் விடுபட்டுப் போகிறார்.

வெயிலில் பெருகும் ஆறு

வாழச்சாலில் சாலக்குடி ஆறு செங்குத்தாக விழுவதில்லை. அகன்ற பாறைகளின்மேல் சரிந்து, நுரைத்து, படிப்படியாகப் பாய்கிறது. பார்வைக்கு விளையாட்டாகத் தோன்றும். அதிலேதான் ஆபத்து. பலர் உயிரிழந்த இடமாதலால் இறங்கிக் குளிக்கத் தடையுண்டு. தடுப்புக்கு வெளியே நின்றே பார்த்தோம்.

பையன்களில் ஒருவன், "வானம் வெளுத்துக் கிடக்கிறதே! வெள்ளம் எப்படி வரும்?" என்று கேட்டான். பெரியவர் விடை சொல்லாமல், கரையோரத்தில் உலர்ந்து கிடந்த ஒரு கல்லைச் சுட்டி, அதைப் பார்த்துக்கொண்டிரு என்றார். நாங்கள் கொண்டுபோன இட்லியை உண்டு முடித்தோம். அரைமணி நேரத்தில் அந்தக் கல் நீருக்குள் போய்விட்டது. மழைத்துளி ஒன்றும் விழவில்லை.

காரணம் இதுதான். ஆற்றின் மேற்புறத்தில், 1957-இல் இயங்கத் தொடங்கிய பெரிங்கல்குத்து மின்நிலையம் இருக்கிறது. மின்சாரம் ஆக்கும் நேரத்தில் அதிலிருந்து நீர் வெளியேறும், நிறுத்தினால் குறையும். ஆகவே ஒரே நாளில் ஆறு ஏறவும் இறங்கவும் செய்கிறது. தொலைவில் மலையுச்சியில் பெய்யும் மழையும் அவ்வாறே நமக்குத் தெரியாமல் வந்து சேரும். 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தின்போது பெரிங்கல்குத்து அணையின் மேலேயே வெள்ளம் புரண்டோடியது. கீழே சாலக்குடி நகரமும் நீரில் மூழ்கியது. தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து ஆற்றில் இறங்குகிறவர், தம் பிள்ளைகளையும் கூட இறக்குகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த ஆற்றுக்கும் நமக்கும் உறவொன்றும் உண்டு. இதன் மேற்கிளைகளான சோலையாறு, பரம்பிக்குளம் முதலியவற்றின் நீரில் ஒரு பகுதி, பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் சுரங்கங்கள் வழியே கிழக்கே திருப்பப்பட்டுப் பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளுக்கு வருகிறது. அதற்கான ஒப்பந்தம் இரு மாநிலங்களுக்குமிடையே 1970-இல் கையெழுத்தாயிற்று. "அப்போ எங்க தோப்புத் தென்னை குடிக்கிறதும் இந்தத் தண்ணியா?" என்று தோட்டம் வைத்திருக்கும் அந்தத் தம்பதியர் வியந்தனர். பிழிந்த இலையில் சொட்டிய நீர் எங்கள் ஊர்வரை வந்துவிட்டது.

அருவியின் அடியில்

வாழச்சாலுக்குக் கீழே ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் அதிரப்பள்ளி. அங்கே முழு ஆறும் ஏறக்குறைய 80 அடி ஒரே வீழ்ச்சியாக விழுகிறது. மேலிருந்து பார்த்துவிட்டு, அடிவாரத்திற்கு இறங்கும் செங்குத்தான பாதையின் முகப்பில் நின்றோம். சிறுமி பெயர்களைப் படித்தாள். எல்லோரும் "இருக்கிறேன்" என்றனர். அவளுடைய தந்தையின் குரல் மட்டும் தாழ்ந்திருந்தது. "நீங்க போயிட்டு வாங்க சாமி, நான் இங்கேயே நிற்கிறேன்" என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் உரிமை எனக்கில்லை. பெரியவர் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆயினும் அவர் அறிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். உபதேசியாரை நடுவே போகச் சொல்லிவிட்டு, தந்தையிடம், "இனி நீங்கதான் கடைசி ஆள். உங்களுக்குப் பின்னாலே ஒருத்தரும் விடக்கூடாது" என்றார்.

ஒரு கணம் தயங்கி நின்றார். பின்பு இறங்கினார்.

கீழே இடியோசை போன்ற முழக்கம். அருகில் நிற்பவர் பேச்சும் கேட்கவில்லை. சாரல் முகத்தில் அறைந்தது. பெரியவர் உள்ளங்கையை விரித்தார், எல்லோரும் நின்றோம். அதற்கப்பால் ஓரடியும் எவரையும் அவர் விடவில்லை. அங்கே நின்றே கண்ணாரக் கண்டோம். திரும்பிப் பார்த்தேன். அந்தத் தந்தை அருவியைப் பார்க்கவில்லை. எங்கள் பதினொருவரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகு அவரே கூறினார். பெரியவர் தலைக்குமேல் இரு கைகளையும் உயர்த்தியபோது, எல்லோரையும் முன்னே ஏற்றிவிட்டுக் கடைசியாக வந்தார். மேலேறியதும், "அருவி நல்லாத்தான் இருக்கு சாமி" என்றார். எனக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

பெற்றோருக்குச் சில சொற்கள்

அருவிக்குச் செல்ல எண்ணும் குடும்பங்களுக்கு நான் கற்றவற்றைச் சொல்கிறேன். முதலாவது, ஒருவர் பெயர் சொல்லி அறியத்தக்க அளவினராகவே செல்லுங்கள். பங்கினர் பலர் விரும்பினால் பலமுறை செல்லுங்கள். இரண்டாவது, அந்த இடத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்; அதைவிட முக்கியமாக, அவர் சொல்வதைக் கேளுங்கள். மூன்றாவது, பாசிப் பாறையில் வழுக்காத காலணி அணியுங்கள். அட்டை கடித்தால் அஞ்சவேண்டாம்; நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டால் போதும். நான்காவது, நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் கொண்டு செல்லாதீர்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் எறியாதீர்கள். ஐந்தாவது, இருட்டுமுன் காட்டைவிட்டு வெளியேறிவிடுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, புறப்படுமுன் பெயர் சொல்லி எண்ணுங்கள்.

பெரியவர் அதிரப்பள்ளியில் எங்களிடம் விடைபெற்று மளுக்கப்பாறைப் பேருந்துக்குக் காத்திருந்தார். நாங்கள் சாலக்குடி, திருச்சூர், பாலக்காடு வழியாக இரவு ஒன்பதரை மணிக்குக் கோயில் வாசலை அடைந்தோம். குழந்தைகள் தூங்கி வழிந்தனர். அவரவர் மூட்டையை எடுத்துக்கொண்டு கலையத் தொடங்கினோம். அப்போது அந்தச் சிறுமி, "யாரும் போகக்கூடாது!" என்று உரக்கக் கூவி, ஈரத்தில் மை கலைந்திருந்த தாளை விரித்தாள். தெருவிளக்கின் கீழ் நின்று ஒவ்வொரு பெயராகப் படித்தாள். என் பெயருக்கு "சாமி" என்றாள். நான் இருக்கிறேன் என்றேன். இறுதியில் ஒரு பெயர் எஞ்சியது. தந்தையின் பெயரைச் சொல்லி அழைக்க அவள் நா எழவில்லை போலும். தாளை மடித்துக்கொண்டு, "அப்பா!" என்றாள்.

"இருக்கிறேன்மா" என்றார் அவர்.

பன்னிருவரும் வந்து சேர்ந்திருந்தோம்.